நாலு கதவுக்கு நடுவே ஒரு கறுப்பு வட்டம்

வேலை இடத்தில் அவரை எல்லாரும் முட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தெட்டு வருஷமாக மனிதர் முட்டி போட்டே பிழைத்தவர். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பல் டாக்டரின் காத்திருக்கும் அறை என்று எங்கே வினைல் தரை விரிக்க வேண்டுமோ அங்கே போய் மண்டியிடுவார். கூடவே ஒரு கூட்டாளி. அவர் பசை தடவுகிறவர், ஆகவே அவர் பெயர் பசை. "கல்யாணத்துக்குப் பொண்ணு கேக்கறப்பகூட எவனும் இவ்வளவு நேரம் மண்டி போட்டதில்லைய்யா" என்று பசை கிண்டல் செய்வார். முட்டி கத்தியை வைத்து அளவு பார்த்துக்கொண்டே இருப்பார்.

நல்ல தரை கண்ணில் படவே கூடாது என்பது முட்டியின் கட்சி. நடக்கிறவன் காலுக்குக் கீழே ஒன்று இருப்பதையே மறந்துவிட வேண்டும். இரண்டு விரிப்புகள் சேரும் இணைப்பு தெரியவே கூடாது. தெரிந்தால் அது வேலையில்லை, ஒட்டுப்போட்ட வேட்டி.

ஆனால் அவர் வீட்டிலேயே கண்ணில் படுகிற தரை ஒன்று இருந்தது. சின்ன வீடு. படுக்கையறை, சமையலறை, குளியலறை, முன்னறை என்று நாலு கதவும் வந்து கூடுகிற இடத்தில் சதுரமாக ஒரு நடை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு அதற்கு இளம் சந்தன நிறத்தில் தரை போட்டார். மனைவி வந்து பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றாள். அவள் தையல் கம்பெனியில் துணி வெட்டுகிறவள், கண்ணும் கையும் ஒன்றாக ஓடும். நடுவில் ஓர் ஆணியை நிறுத்தி, நூலைக் கட்டி, சாக்பீஸால் ஒரே சுற்றில் வட்டம் போட்டுவிட்டாள். "இதுக்குள்ள சுத்தக் கறுப்பு வைங்க. வேற எதுவும் வேணாம்."

வைத்தார். மயிரிழைகூட இடைவெளி இல்லாமல் வெட்டி இறக்கினார். சுவருக்கும் வட்டத்துக்கும் நடுவே ஒரு சாண் சந்தன ஓரம், மற்றதெல்லாம் கறுப்பு. பசை பார்த்துவிட்டு, "ஊர்ல எல்லாரும் வீட்டுக்குள்ள நிலாவைக் கொண்டு வருவாங்க. நீ அமாவாசையைக் கொண்டு வந்திருக்கியே!" என்றார். மனைவி மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் கட்டைவிரலால் வட்டத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தாள். அது அவள் வழக்கம். அவர் போட்ட எந்தத் தரையிலும் கட்டைவிரலால் இணைப்பைத் தேடுவாள், கண்டுபிடித்தும்விடுவாள். "இந்தா, இங்க" என்பாள். அன்றைக்கும் குளியலறைக் கதவுப் பக்கம் நின்று, "இந்தா, இங்க" என்றாள். அவருக்குக் கோபம் வந்தது. பிறகு சிரிப்பும் வந்தது.

இப்போது அவளுக்கு அறுபது. மூன்று வருஷமாக ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டிருக்கிறது. கண்ணிலும் புரை. அதை எடுப்பதற்கு முன்னால் இன்னும் இரண்டு சோதனை பாக்கி என்று டாக்டர் தள்ளி வைத்திருந்தார். எல்லாவற்றையும் முட்டி சமாளித்துவிட்டார். சர்க்கரை டப்பாவுக்குள் சாவி கிடந்தால் சாவியை எடுத்துக் கழுவினார். ஒரே கேள்வியை ஏழு தடவை கேட்டால் ஏழு தடவையும் புதிதாகப் பதில் சொன்னார். ஆனால் இரண்டு மாதமாக நடப்பதுதான் அவரை உள்ளே அரித்தது. அவள் படுக்கையறையை விட்டு வெளியே வர மறுத்தாள். வாசற்படி வரை வருவாள், நிலையைப் பிடித்துக்கொள்வாள், அவ்வளவுதான். குளியலறைக்குப் போகவும் அவர்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். தூக்கியதும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள், கால்களை மேலே இழுத்துக்கொள்வாள், அவர் கழுத்தை நகம் பதியப் பிடித்துக்கொள்வாள். அவருடைய முட்டியோ முட்டி என்று பெயர் வாங்கியே தேய்ந்த முட்டி.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது இன்னொன்று. காலையிலும் மாலையிலும் டீ எடுத்துக்கொண்டு சமையலறைக் கதவில் அவர் வந்து நின்றால் போதும், எதிரே படுக்கையறை வாசலிலிருந்து அவள் கத்துவாள்.

"வராதீங்க! அங்கயே நில்லுங்க! கிட்ட வராதீங்க!"

அவர் வந்துவிடுவார், டீ ஆறிவிடுமே. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள், உடம்பெல்லாம் நடுங்கும். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்தால் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வாள், விடவே மாட்டாள். கொஞ்ச நேரத்தில் வெறுப்பு மறந்துபோய்விடுகிறது போலும் என்று அவர் நினைத்துக்கொண்டார். வெறுப்பு என்றுதான் முடிவு கட்டியிருந்தார். மரியாதைக்காக இத்தனை வருஷம் மூடி வைத்ததை இந்த வியாதி திறந்துவிட்டுவிட்டது என்று எண்ணினார். ராத்திரிப் படுக்கையில் அல்ல, பட்டப்பகலில், யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறையில் தரை வெட்டிக்கொண்டே தன் குற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவர் வெளியூரில் பள்ளிக்கூடத் தரை போட்டுக்கொண்டிருந்தது. மகள் பிறந்த அன்று பசை காயக் காத்திருந்துவிட்டு வந்தது. ஒரு தடவை, ஒரே தடவை, "துணி வெட்டறவளுக்குத் தரையைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டது. பட்டியல் நீளமாகத்தான் இருந்தது.

இருந்தாலும் தொழில்காரர் இல்லையா? ஒரு தரையில் நடக்க ஒருவர் பயந்தால் அதற்கு முதலில் தரையைத்தானே சோதிக்க வேண்டும்? ஈரத்துணியால் துடைத்து, காலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். வழுக்கவில்லை. சரி, பழசாகி மங்கிவிட்டது, அவளுக்குத் தரை சரியாகத் தெரியவில்லை போல என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மண்டியிட்டு மூன்று பூச்சு மெருகு ஏற்றினார். வட்டம் கண்ணாடிபோலப் பளபளத்தது. முன்னறை ஜன்னல் அதில் தலைகீழாகத் தெரிந்தது. பெருமையாக அவளைக் கூப்பிட்டார். அவள் வந்தாள், பார்த்தாள். அணிந்திருந்த நீள உடுப்பை இரண்டு கையாலும் முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே பின்னால் நகர்ந்து போய்க் கட்டிலில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து வாசற்படிக்கு வருவதும் குறைந்தது.

அவர் வேலைக்குப் போகும்போதெல்லாம் அம்மாவோடு வந்து இருக்கிற மகளும் இதைப் பார்த்தாள். பராமரிப்பு இல்லத்தின் படிவம் ஒன்றைக் குளிர்பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்தாள்.

"அப்பா, நான் அம்மாவைத் தள்ளிவிடச் சொல்லல. நாளைக்கு நீங்க அவங்களைத் தூக்கிட்டுப் போறப்ப ரெண்டு பேரும் சேர்ந்து விழுந்தா யாருப்பா வந்து பாக்கறது?"

"விழ மாட்டேன்."

"முதுகைப் பிடிச்சுக்கிட்டே சொல்றீங்க பாருங்க."

அவர் கையை முதுகிலிருந்து எடுத்தார்.

"அடுத்த திங்கக்கிழமைக்குள்ள சொல்லணும்பா. இடம் காலியா இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான்."

கையெழுத்துப் போடுகிற இடத்தில் மகள் பென்சிலால் சின்னதாக ஒரு குறி போட்டிருந்தாள். கிட்ட வரவே கூடாது என்கிறவளை வீட்டில் வைத்திருப்பது அன்பா, பிடிவாதமா? முட்டிக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை போட்டுவிடலாம் என்று பாதி மனசு சொன்னது.

அந்த வாரம் அவருக்கும் பசைக்கும் வேலை ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில். மினுக்கமே இல்லாத சந்தன நிறத் தரை வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அங்கே ஆராய்ச்சி செய்கிற அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். ஓவியத்தையும், மரம்போலச் செய்த பிளாஸ்டிக்கையும், கல்போலச் செய்த காகிதத்தையும் மனிதக் கண் எப்படிப் பார்க்கிறது என்பதுதான் அவர் வேலை. எதிரே வருகிறவரை எல்லாம் நிறுத்தி, "இது என்ன மாதிரி இருக்கு?" என்று கேட்டுவிடுவார், காவலாளி உட்பட.

பசையிடம் இரண்டு படங்களை நீட்டினார். இரண்டிலும் ஒரே கறுப்புப் பந்து, அதன்மேல் ஒரே வெள்ளைப் பொட்டு.

"இது பளபளன்னு இருக்கு மேடம். இன்னொண்ணுல காக்கா எச்சம் போட்டிருக்கு."

ஆராய்ச்சி அம்மா சிரித்துவிட்டார். "பொட்டு ஒண்ணுதாங்க. கொஞ்சம் தள்ளி, தப்பான திசையில வச்சிருக்கேன், அவ்வளவுதான். வளைவுக்கும் வெளிச்சத்துக்கும் பொருந்தினா அதை மினுக்கம்னு எடுத்துக்கறோம். பொருந்தலைன்னா கறை."

பசை தன் வழுக்கைத் தலையைத் தடவினார். "அப்ப இது?"

"அது பொருந்துதுங்க."

"கேட்டியா முட்டி? விஞ்ஞானமே சொல்லிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே பசை சாப்பிடப் போனார்.

முட்டி போகவில்லை. கையில் இருந்த கத்தியை மூடினார், திறந்தார், மூடினார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? தரை சம்பந்தமாத்தான்."

எல்லாவற்றையும் சொன்னார். வட்டத்தைப் பற்றி, மெருகைப் பற்றி, தூக்கிப் பிடித்த உடுப்பைப் பற்றி. கத்துவதை மட்டும் சொல்லவில்லை. அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு முட்டியின் பெட்டியிலிருந்தே ஒரு கறுப்பு வினைல் துண்டை எடுத்து வட்டமாக வெட்டித் தரச் சொன்னார். அதை அன்று காலையில் போட்ட சந்தனத் தரையின்மேல் வைத்தார். பால்போல மங்கலான ஒரு பிளாஸ்டிக் தாளை அவரிடம் கொடுத்தார்.

"இதைக் கண்ணுக்கு முன்னாடி பிடிச்சுக்கிட்டு, ஒரு கண்ணை மூடிட்டு, நின்னபடியே பாருங்க. தலையை ஆட்டாதீங்க."

முட்டி பார்த்தார். துண்டின் ஓரத்துத் தடிமன் காணவில்லை. மேல்பரப்பின் சொரசொரப்பு காணவில்லை. கறுப்பு மட்டும் இருந்தது. அது மெல்ல, யாரோ கீழே இழுப்பதுபோல, இறங்கிப் போயிற்று.

"இப்ப அதுமேல கால் வைங்க."

தான் வெட்டிய துண்டு. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் கையில் வைத்திருந்தது. காலைத் தூக்கினார். அந்தக் கால் அந்தரத்தில் நின்றது.

"போகல மேடம்" என்றார்.

"உங்களுக்கே போகல பாருங்க." அந்த அம்மா தாளை வாங்கிக்கொண்டார். "கண்ணுக்கு வர்றது வெளிச்சம் மட்டும்தான். கறுப்புத் தரையிலிருந்தும் கொஞ்சூண்டுதான் வருது, பள்ளத்திலிருந்தும் கொஞ்சூண்டுதான் வருது. எது எதுன்னு முடிவு பண்றது மூளை. அதுக்குத் துப்பு வேணும். ஓரம், சொரசொரப்பு, தலையை அசைச்சா எது எப்படி நகருதுங்கறது. இது நம்ம வீடு, இங்க பள்ளம் கிடையாதுங்கற ஞாபகமும் ஒரு துப்புதான். எல்லாத் துப்பும் மங்கிப்போனா மூளை பயத்தோட பக்கம்தான் சாயும். தரையைப் பள்ளம்னு நினைச்சா ஒண்ணும் ஆகாது. பள்ளத்தைத் தரைன்னு நினைச்சா?"

"நான் மெருகு வேற போட்டேன்."

"ஜன்னல் அதுல தெரிஞ்சுதா?"

"தலைகீழா தெரிஞ்சுது." முட்டி தரையைப் பார்த்தார். "கிணத்துல தண்ணி ஏத்தியிருக்கேன்."

"நான் டாக்டர் இல்லீங்க. அவங்களுக்கு உள்ள என்ன தெரியுதுன்னு என்னால சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. ஆனா இதே மாதிரி ஞாபகம் போனவங்க நிறைய பேர் கறுப்பு மிதியடியைக்கூடத் தாண்ட மாட்டேங்கறாங்க. அது தெரிஞ்ச விஷயம்."

முட்டி போகத் திரும்பினார். கதவு வரை போனவர் நின்றார்.

"கிட்ட வராதீங்கன்னு கத்தறா மேடம். என்னைப் பாத்து."

அந்த அம்மா கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். "அப்படிச் சொல்றப்ப நீங்க எங்க நிப்பீங்க?"

முட்டி திரும்பி, தரையில் கிடந்த அந்தக் கறுப்பு வட்டத்தைப் பார்த்தார். பசை சாப்பிட்டுவிட்டு வந்தபோது முட்டி பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். "என்னய்யா, மதியமே கிளம்பிட்ட?" என்றதற்கு, "வீட்ல ஒரு வேலை" என்றார். முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து பசை கேட்டிராத வாக்கியம் அது.

வீட்டுக்கு வந்தார். அம்மாவோடு இருந்த மகளிடம் ஒன்றும் சொல்லாமல் டீ போட்டார். கோப்பையோடு சமையலறைக் கதவில் வந்து நின்றார். எதிரே படுக்கையறை நிலையைப் பிடித்துக்கொண்டு மனைவி நின்றாள்.

"வராதீங்க! அங்கயே நில்லுங்க!"

அவர் நின்றார். கீழே பார்த்தார். தான் வெட்டிய வட்டத்தை இருபத்திரண்டு வருஷத்தில் முதன்முறையாக அவள் நிற்கிற இடத்திலிருந்து பார்க்க முயன்றார். பிறகு முதுகைச் சுவரோடு ஒட்டினார். ஒரு சாண் அகலச் சந்தன ஓரத்தில் பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து, இன்னொரு பாதத்தை அதோடு சேர்த்து, கோப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கிணற்றின் விளிம்பில் போகிறவர்போல அடி அடியாக நகர்ந்தார். அறுபத்திரண்டு வயது ஆள், தன் வீட்டு நடையில். அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த மகள், "அப்பா, என்ன பண்றீங்க?" என்றாள். அவர் உதட்டில் விரல் வைக்க முடியாது, கை காலியில்லை. கண்ணாலேயே சும்மா இரு என்றார்.

கத்தல் நின்றுவிட்டது.

"பாத்து" என்றாள் மனைவி. குரல் தணிந்திருந்தது. "பாத்து வாங்க... மெதுவா. அந்தக் காலை இன்னும் கொஞ்சம் உள்ள வைங்க. ம்... அப்படித்தான்."

குளியலறைக் கதவைத் தாண்டினார். கைக்கெட்டும் தூரம் வந்ததும் அவள் நிலையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அவர் சட்டையைப் பற்றி உள்ளே இழுத்தாள். டீ பாதி கொட்டியது.

"எத்தனை தடவை சொல்றது வராதீங்கன்னு? இவ்ளோ பெரிய பள்ளத்தை வச்சுக்கிட்டு விடுவிடுன்னு வர்றீங்க! தினம் ரெண்டு தடவை! உள்ள விழுந்துட்டா நான் ஒருத்தி எப்படிங்க உங்களைத் தூக்குவேன்?"

முட்டி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். குற்றப் பட்டியல் நீளமாகத்தான் இருந்தது, அதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஆனால் இவள் அதைப் படித்துக்கொண்டிருக்கவில்லை. இரண்டு மாதமாகத் தினம் இரண்டு தடவை இவர் கிணற்றில் விழப் போவதைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் செய்ய முடியாமல் நின்றிருக்கிறாள்.

"இனிமே பாத்து வரேம்மா" என்றார்.

"அழறீங்களா என்ன?"

"டீ சுட்டுடுச்சு."

சனிக்கிழமை காலை மகள் அம்மாவோடு அறைக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் அந்தப் பள்ளத்துக்குள் இறங்குவதை அவள் பார்க்க வேண்டாம் என்று. சூடு காற்று அடிக்கும் மெஷினைப் பிடித்துப் பழைய பசையை இளக்கி, வட்டத்தை ஒரு பக்கத்திலிருந்து உரித்துக்கொண்டே வந்தார். கறுப்புக்கு மேலேயே ஒரு விரிப்பை ஒட்டிவிடலாம், அரை மணி வேலை. ஆனால் ஓரம் மேடு தட்டும், வெட்டின கோடு தெரியும், அவள் கண் அதிலும் ஒரு படியைக் கண்டுபிடிக்கும். பசை கூப்பிடாமலே வந்திருந்தார். பாதி உரித்த பிறகு முட்டி கையை எடுத்துவிட்டு அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நல்ல வேலைய்யா அது" என்றார் பசை. கிண்டலே இல்லை.

"கோடு அவ போட்டது. ஒரே சுத்துல போட்டா."

"தெரியும். நான்தான ஆணியைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

வட்டம் முழுசாக வந்தது. குளியலறைக் கதவுப் பக்கம் மட்டும், அவள் அன்றைக்குக் கட்டைவிரல் வைத்த இடத்தில், கொஞ்சம் கிழிந்தது. சுருட்டி முன்னறை மூலையில் நிறுத்தினார். வட்டம் இருந்த இடத்தில் புதிதாக, பழைய ஓரத்தோடு இழைகிற மினுக்கமில்லாத சந்தன நிறம், புள்ளி, கோடு எதுவும் இல்லாதது. புள்ளி இருந்தால் சிந்தின பருப்பு என்று அவள் குனிந்து பொறுக்குவாள். ஊருக்கெல்லாம் போடுகிற அதே ஆஸ்பத்திரித் தரைதான். அவர் போட்டதிலேயே மெதுவாகப் போட்ட தரையும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, டீக் கோப்பையோடு சமையலறைக் கதவில் நின்றார். மகள் குளிர்பெட்டியின் பக்கத்தில் நின்றாள், படிவம் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. மனைவி படுக்கையறை வாசலுக்கு வந்தாள். நிலையைப் பிடித்தாள். முட்டி கத்தலுக்குக் காத்திருந்தார்.

அவள் கீழே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரு காலை நீட்டி நுனியால் தட்டிப் பார்த்தாள், இழுத்துக்கொண்டாள். மறுபடி நீட்டினாள்.

"ஏங்க அங்கயே நிக்கறீங்க?" என்றாள். "டீ ஆறுது பாருங்க."

அவர் அசையவில்லை. அசைய வரவில்லை. அவளே வந்தாள். சுவரைத் தொட்டுக்கொண்டு நாலு அடி, பிறகு சுவரையும் விட்டுவிட்டு இரண்டு அடி. நடுவில் நின்றாள்.

"இங்க ஒரு பள்ளம் இருந்துச்சே?"

மகள் என்னவோ சொல்ல வந்தாள். அவர் முந்திக்கொண்டார். "ஆமா. மூடிட்டேன்."

"நல்ல வேளை. யாராவது விழுந்திருப்பாங்க." செருப்பில்லாத காலின் கட்டைவிரலைத் தரையில் வைத்து, மெல்ல இழுத்துக்கொண்டே போனாள். வட்டம் இருந்த கணக்கில் ஒரு சுற்று. முட்டி மூச்சை அடக்கிக்கொண்டு அந்த விரலையே பார்த்தார். குளியலறைக் கதவுப் பக்கம் விரல் ஒரு கணம் தயங்கியது. பிறகு அதையும் தாண்டிப் போனது.

"எங்க சேத்தீங்கன்னே தெரியலையே" என்றாள், கோப்பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு.

மகள் படிவத்தைக் காந்தத்திலிருந்து எடுத்து நாலாக மடித்துத் தன் பையில் வைத்தாள். "இப்போதைக்கு" என்றாள்.

"இப்போதைக்கு" என்றார் அவரும்.

மனைவி அதற்குள் சமையலறைக்குள் போய் டப்பாக்களைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "சர்க்கரையை எங்க வச்சீங்க? ரெண்டு மாசமா இந்தப் பக்கம் வரல, எல்லாத்தையும் எடம் மாத்தி வச்சிருக்கீங்க!"